கணக்கைக் காட்டுங்கள்: தண்டுவட ஸ்டெம் செல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆய்வகத்தில் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை, வளர்க்கிறவர்கள், அறுவை அரங்கில் அவற்றைத் தண்டுவடத்துக்குள் செலுத்துகிற மருத்துவர்கள், அதற்குப் பணம் போடுகிற நிறுவனங்கள், அனுமதிக் கையெழுத்துப் போடுகிற அமைப்புகள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எனக்குக் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை நிமிர்த்த முடியும். மடக்கிய முழங்கையை நீட்ட வலு கிடையாது. விரல்கள் வேலை செய்யாது. நான் வாயால் சொல்லச் சொல்ல ஒரு மென்பொருள் இதை எழுதிக்கொள்கிறது. எழுத்துப் பிழை தென்பட்டால் பழியை அதன்மேல் போட்டுவிடுங்கள்.

உங்கள் வேலைமேல் எனக்கு மரியாதை உண்டு. சுமார் 3,600 ஆண்டு பழமையான எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு நழுவிக் கைகால் உணர்வு போனவரைப் பற்றி, மருத்துவம் பார்க்க வேண்டிய கேஸே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. 1928இல் நரம்பியல் விஞ்ஞானி ரமோன் இ காஹால், முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் எல்லாம் சாகலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்று எழுதினார். 1981இல் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலியின் மைய நரம்பு மண்டலத்தில் ஒரு புறநரம்புத் துண்டைப் பொருத்தி, முளைக்காது என்று சொல்லப்பட்ட இழைகள் அதற்குள் நீளமாக வளர்வதைக் காட்டினார்கள். இழைக்கு வளரத் தெரியும், சூழல்தான் விடுவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த ஒற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து இன்று மனிதத் தண்டுவடத்தில் செல்களைச் செலுத்துகிற இடம் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். அது சாதாரணக் காரியம் கிடையாது.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். நல்ல செய்தி இருக்கும்போது மட்டும் எங்களிடம் வராதீர்கள். எத்தனை பேருக்குச் செலுத்தினீர்கள், அவர்களில் எத்தனை பேர் செலுத்தாமலே தேறியிருப்பார்கள், எத்தனை பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, எந்தச் சோதனை எதனால் நின்றது என்ற முழுக் கணக்கையும் காட்டுங்கள். அதைக் கேட்டால் மனம் உடைந்துவிடுவோம் என்று எங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தினமும் காலையில் இன்னொருவர் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற வாழ்க்கையைப் பழகிக்கொண்டவர்கள் நாங்கள். ஒரு அட்டவணையைப் பார்த்து உடைய மாட்டோம்.

இந்த மடலை எங்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டுவடம் அடிபடுவது ஒரு நொடியில் முடிகிற விஷயமில்லை. முதல் அடியில் சாகிற செல்கள் கொஞ்சம்தான். அதன்பின் வீக்கம், இரத்த ஓட்டம் குறைவது, நோய் எதிர்ப்பு செல்கள் படையெடுப்பது என்று நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேதம் பரவுகிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை போடுகிற செல்கள் சாகின்றன. அறுபடாமல் தப்பிய இழைகூட உறை இழந்து செய்தி கடத்த முடியாமல் போகிறது. கடைசியில் நடுவில் நீர் கோத்த ஒரு குழி, அதைச் சுற்றித் தழும்பு. அந்தத் தழும்பிலும் சிதைந்த மயலினிலும் இழை வளர்வதைத் தடுக்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் செல்களிடம் மூன்று வெவ்வேறு வேலைகளை எதிர்பார்க்கிறோம். எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கிற செல்கள் அழற்சியைத் தணிக்கும், காப்புப் பொருள்களைச் சுரக்கும். அவை புதிய நரம்பாக மாறி உட்கார்ந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்குகிற உறைபோடும் முன்னோடி செல்கள் மயலினைத் திரும்பப் போட வேண்டும். நரம்பு முன்னோடி செல்கள் குழிக்குள் புதிய நரம்பாகி, மேலிருந்து வருவதை வாங்கிக் கீழே கடத்துகிற இடைத்தரகர் வேலை பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று விதமான சிகிச்சை. மூன்றுக்கும் ஆபத்து வேறு, உகந்த காலம் வேறு. செய்தியில் மட்டும் எல்லாம் ஒரே ‘ஸ்டெம் செல்’ ஆகிவிடுகிறது. ஒன்று ஜெயித்த செய்தியை வைத்து இன்னொன்றை விற்கிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. அவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒப்பீட்டுக் குழு, அதாவது செல் செலுத்தாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கிற குழு, விஷயத்துக்கு வருவோம். என் முதல் புகார் இதுதான்.

காயத்தின் கடுமையை ‘ஏ’ (மிகக் கடுமை) முதல் ‘இ’ (இயல்பு) வரை பிரிக்கிற அளவுகோலில், முற்றிலும் செயலிழந்தவர் என்று முதலில் ‘ஏ’ நிலையில் குறிக்கப்படுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், எந்தச் செல்லும் செலுத்தாமலே, முதல் ஆண்டில் அந்த நிலையிலிருந்து மேலேறுகிறார். அவர்களில் பாதிப் பேருக்கு உணர்வு மட்டும் திரும்பும், மீதிப் பேருக்குக் கொஞ்சம் அசைவும் திரும்பும். கொஞ்சம் அசைவு மிச்சமிருந்து ‘சி’ நிலையில் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் தாமாகவே அடுத்த நிலைக்குப் போகிறார்கள். இந்தத் தேறுதல் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக நடக்கும், அப்புறம் ஒன்றரை வருடம் வரைகூட மெதுவாகத் தொடரும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. தண்டுவட ஆய்வுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2007இல் வெளியிட்ட வழிகாட்டிக் கட்டுரைகளில், உங்கள் துறையின் பெரியவர்களே எழுதியது.

அதே துறையில் 2018 டிசம்பரில் என்ன நடந்தது? ஸ்டெமிராக் என்ற சிகிச்சைக்கு ஜப்பான் நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, வளர்த்து, இரத்தக் குழாய் வழியாகத் திரும்ப ஏற்றுவது. ஆதாரம் 13 பேர். ஒப்பீட்டுக் குழு இல்லை. எல்லோருமே அண்மையில் அடிபட்டவர்கள், அதாவது தாமாகத் தேறுகிற காலத்தில் இருந்தவர்கள். 13 பேரில் 12 பேர் குறைந்தது ஒரு நிலை மேலேறினார்கள் என்பது முடிவு. அந்தப் 12 பேரில் செல்லுக்கு எவ்வளவு பங்கு, உடம்புக்கு எவ்வளவு பங்கு, பிசியோதெரபிக்கு எவ்வளவு பங்கு? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விலை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள், சுமார் ஒன்றரைக் கோடி யென். ஏழு ஆண்டுக்குள் மேலும் தரவு திரட்டித் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அனுமதி கிடைத்த சிகிச்சை எல்லோருக்கும் போய்ச் சேர ஆரம்பித்த பிறகு, இல்லாமல் இரு என்று யாரை ஒப்பீட்டுக் குழுவில் உட்கார வைப்பீர்கள்? வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் அப்போதே இதைக் கேட்டார்கள்.

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தின் வேலையை நான் இதோடு சேர்த்துத் திட்ட மாட்டேன். ஹிதேயுகி ஒகானோவும் மசாயா நகமுராவும், ஐபிஎஸ் செல்லிலிருந்து (முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பி உருவாக்குவது) உருவாக்கிய நரம்பு முன்னோடி செல்களை 2021 டிசம்பரில் முதல் நபருக்குச் செலுத்தினார்கள். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் எலிச் செல்லில் ஐபிஎஸ் முறையைக் காட்டியதிலிருந்து எண்ணினால் 15 வருடம். மொத்தம் நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் 20 இலட்சம் செல்கள், அடிபட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள். 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னார்கள். ஒருவர் எழுந்து நின்று நடைப்பயிற்சி செய்கிறார், இன்னொருவருக்குக் கைகாலில் ஓரளவு அசைவு வந்திருக்கிறது, மற்ற இருவருக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஓராண்டில் கடுமையான பக்கவிளைவு எதுவும் இல்லை. இது பாதுகாப்பைப் பார்க்கிற சோதனை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நால்வரில் இருவருக்குப் பலன் இல்லை என்று அறிவித்த அந்த நேர்மையைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். ஆனால் எங்கள் வாட்ஸப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது எழுந்து நின்றவரின் செய்தி மட்டும்தான். மற்ற மூவரைப் பற்றி நான் தேடித்தான் படித்தேன்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் கொழுப்பு செல் சோதனையும் அப்படித்தான். 10 பேருக்குக் கீழ்முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீருக்குள் 10 கோடி செல்களைச் செலுத்தினார்கள். 7 பேர் குறைந்தது ஒரு நிலை மேலேறினார்கள் என்று 2024இல் வெளியானது. முதல் கட்டச் சோதனை, ஒப்பீட்டுக் குழு இல்லை. கட்டுரையில் அந்த எச்சரிக்கை இருக்கிறது, பகிரப்பட்ட செய்திகளில் காணாமல் போய்விட்டது.

“ஒப்பீட்டுக் குழுவில் சேர யார் சம்மதிப்பார்கள்? முதுகைத் திறந்து வெறுமனே மூடுவது அறமா?” என்று நீங்கள் கேட்பது தெரியும். நியாயமான கேள்வி. வெறுமனே திறந்து மூட நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன. என்னைப் போல அடிபட்டு வருடக்கணக்கானவர்களிடம் அவசரம் எதுவும் இல்லை. எங்களில் பாதிப் பேருக்கு இந்த வருடம் செலுத்துங்கள், மீதிப் பேரை அதே பிசியோதெரபியோடு காத்திருக்கச் சொல்லுங்கள், பலன் இருந்தால் அடுத்த வருடம் அவர்களுக்கும் செலுத்துங்கள். காத்திருக்கிற குழுவில் சேர எங்களில் ஆள் கிடைக்கும். நாங்கள் காத்திருப்பதில் அனுபவசாலிகள். புதிதாக அடிபட்டவர்களுக்கு இது சரிவராது, ஒரு வருடம் தள்ளினால் சிகிச்சைக்கான காலமே போய்விடும். அங்கே ஐரோப்பாவில் 2001 முதல் பல மையங்கள் சேர்ந்து ஒரே முறையில் திரட்டிவருகிற தரவு இருக்கிறது. ஒரே வயது, ஒரே நிலை, ஒரே அளவு காயம் என்று ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்க்கலாம். அதுவும் முழுத் தீர்வு கிடையாது, இருந்தாலும் ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

யார் அளக்கிறார்கள் என்பது இன்னொரு விஷயம். ‘ஏ’ நிலைக்கும் ‘பி’ நிலைக்கும் நடுவில் இருக்கிற வேறுபாடு என்ன தெரியுமா? இதை வீட்டாருக்காகச் சொல்கிறேன். ஆசனவாயைச் சுற்றி ஊசி முனையாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்ப்பார்கள், உள்ளே விரலால் அழுத்துவார்கள், தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிகிற மாதிரி இருக்கிறது என்று நோயாளி சொன்னால் அவர் ‘பி’. முதுகைத் திறந்து பல இலட்சம் செல்களை வாங்கிக்கொண்டு வந்த ஒருவர், எதிரே அதே அறுவை மருத்துவர் ஆவலோடு நிற்கும்போது, இல்லை என்று சொல்வாரா? சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் வேண்டும் என்று இருக்கிற உடம்பில் எதுவோ தெரிகிற மாதிரி இருக்கும், அது எனக்கே பழக்கம். ஆகவே அளக்கிறவருக்கு யாருக்குச் செலுத்தப்பட்டது என்று தெரியக் கூடாது. இது பெரிய செலவில்லாத காரியம், ஏன் எல்லாச் சோதனைகளிலும் செய்வதில்லை என்று புரியவில்லை.

சரி, முன்னேற்றம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என் நாள் எப்படி மாறும்? நெஞ்சுப் பகுதியில் அடிபட்டவருக்கு உணர்வுக்கோடு ஒரு விலா எலும்பளவு கீழே இறங்கினால் அன்றாட வாழ்க்கையில் அநேகமாக எதுவும் மாறாது. எனக்கு அசைவின் எல்லை தண்டுவடத்தில் ஒரே ஒரு கணு கீழே இறங்கி முழங்கையை நீட்டுகிற தசை வந்துவிட்டால், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு நானே கையை ஊன்றி நகர்ந்துவிடுவேன். இன்னும் ஒரு கணு இறங்கினால் விரல் மடங்கும், ஸ்பூன் பிடிப்பேன், சிறுநீர் எடுக்கிற கதீட்டர் குழாயை நானே போட்டுக்கொள்வேன். காகிதத்தில் எல்லாம் ஒரே ‘முன்னேற்றம்’தான்.

2004இல் கிம் ஆண்டர்சன் தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். அவரே தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஆய்வாளர். கழுத்தில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கை என்றார்கள். நெஞ்சிலோ அதற்குக் கீழோ அடிபட்டவர்களில் அதிகம் பேர் பாலுறவு என்றார்கள். சிறுநீர்ப்பை, மலக்குடல், திடீரென இரத்த அழுத்தம் எகிறித் தலை வெடிக்கிற தொல்லை, இவை இரு தரப்பிலும் முன்வரிசையில் இருந்தன. நடப்பது இருந்தது, ஆனால் உங்கள் செய்திப் படங்களில் இருக்கிற உயரத்தில் இல்லை. இது வெளியாகி இருபது வருடம் தாண்டிவிட்டது. இன்னமும் காணொளிகளில் எழுந்து நிற்பதைத்தான் காட்டுகிறீர்கள். தானாகச் சிறுநீர் கழிப்பதைப் படம் பிடிக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அளக்கவாவது செய்யலாமே. ஒரு சோதனையின் முதன்மை அளவீட்டில் கையின் பிடிமானத்தையும் சிறுநீர்ப்பையையும் வலியையும் சேருங்கள், கூடுதல் தகவல் பட்டியலில் கடைசி வரியில் போடாதீர்கள்.

வலி என்றதும் இன்னொன்று. 2005இல் எலிகளில் நரம்பு ஸ்டெம் செல் செலுத்திய ஒரு ஆய்வில் பின்னங்கால் அசைவு கூடியது, ஆனால் நல்ல நிலையில் இருந்த முன்னங்கால்களில் லேசாகத் தொட்டாலே வலிக்கிற நிலை வந்தது. காயத்துக்கு மேலே நரம்பிழைகள் தப்பான இடத்தில் கிளைத்ததுதான் காரணம். கழுத்தில் அடிபட்டவருக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு மிச்சமிருக்கிற கொஞ்சப் பகுதியில்தான் வலி வரும். ஊசி ஒரு மில்லிமீட்டர் மேலே போய் மணிக்கட்டு போனால், சக்கர நாற்காலியைத் தள்ளுவதுகூட முடியாது. ‘இழப்பதற்கு என்ன இருக்கிறது’ என்று சம்மதப் படிவம் விளக்குகிற நேரத்தில் சிலர் சொல்வதுண்டு. எனக்கு இழப்பதற்கு ஒரு மணிக்கட்டு இருக்கிறது. அதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன்.

அடுத்தது பழைய காயம். உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் தண்டுவடப் பாதிப்போடு வாழ்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் என்னைப் போலப் பழைய காயக்காரர்கள். ஆனால் பெரிய செய்தியாகிற சோதனைகள் பெரும்பாலும் அடிபட்டுச் சில வாரங்களுக்குள் இருப்பவர்களுக்கானவை. காரணம் விஞ்ஞானத்திலேயே இருக்கிறது என்று தெரியும். ஹான்ஸ் கீர்ஸ்டெட் குழு 2005இல் வெளியிட்ட எலி ஆய்வில், அடிபட்ட ஏழாம் நாள் செலுத்திய செல்கள் உறை போட்டன, நடையும் மேம்பட்டது. பத்து மாதம் கழித்துச் செலுத்தியபோது செல்கள் உயிரோடு இருந்தன, பலன் இல்லை. அந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஏழாம் நாளைச் சொல்கிறார்கள். பத்தாம் மாதத்தைச் சொல்வதில்லை. நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் ஊசியைக் காசுக்குப் போடுகிற விற்பனை மையங்களில் எங்கள் ஆட்கள் போய் ஏமாறுவதற்கு அந்தச் சொல்லாத பாதியும் ஒரு காரணம். பழைய காயத்துக்குச் செல் மட்டும் போதாது, தழும்பைத் தளர்த்த வேண்டும், கூடவே கடும் பயிற்சியும் மின்தூண்டலும் வேண்டியிருக்கும் என்பது உங்களில் பலரின் கருத்து. அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். “உங்களுக்கு இப்போதைக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை” என்று ஒரு விஞ்ஞானி என்னிடம் நேராகச் சொன்னால், நான் அவருக்கு நன்றி சொல்வேன்.

பணம் பற்றியும் பேசிவிடுவோம். கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களை முதன்முதலில் மனிதத் தண்டுவடத்தில் செலுத்தியது ஜெரான் நிறுவனம், 2010 அக்டோபரில். அதற்கு முன் எலிகளில் சிறு நீர்க்கட்டிகள் தெரிந்ததால் ஒரு வருடம் தடைபட்டு, திரும்ப அனுமதி பெற்று ஆரம்பித்த சோதனை. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2011 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். செல்லில் கோளாறு எதுவும் இல்லை, பணத்தை வேறு மருந்துகளில் போட முடிவெடுத்தார்கள். பிறகு அஸ்டீரியாஸ் என்ற நிறுவனம் வாங்கி, கழுத்தில் அடிபட்ட 25 பேருக்கு இரண்டு கோடி செல்கள் வரை செலுத்தியது. அப்புறம் அது இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. முதலில் செலுத்திக்கொண்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து, கட்டியோ பெரிய பாதகமோ இல்லை என்று 2022இல் வெளியிட்டார்கள். அந்தத் தொடர்ச்சிக்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அது நடந்தது, வாங்க ஒரு நிறுவனம் வந்ததால். வராமல் போயிருந்தால்?

ஸ்டெம்செல்ஸ் இன்கார்ப்பரேட்டட் என்ற நிறுவனத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. சூரிச்சில் 2011இல் நெஞ்சுப் பகுதியில் அடிபட்டவர்களோடு தொடங்கி, பிறகு கழுத்தில் அடிபட்டவர்களுக்கும் நரம்பு ஸ்டெம் செல் செலுத்தினார்கள். பழைய காயக்காரர்களுக்கான அரிதான சோதனை, அதாவது எங்கள் சோதனை. 2016 மே மாதம் பலன் போதாது என்று நிறுத்தினார்கள், நிறுவனத்தையும் மூடினார்கள். விஞ்ஞான ரீதியாக அது சரியான முடிவாகவே இருக்கலாம். எங்கள் உடம்புக்குள் போன செல்கள் நிறுவனம் மூடிய அன்றைக்கு வெளியே வந்துவிடுவதில்லை, அவ்வளவுதான் நான் சொல்வது. எனவே அனுமதி கொடுக்கும் அமைப்புகளிடம் ஒரு கோரிக்கை. ஒரு நிறுவனம் முதல் ஊசியைப் போடுவதற்கு முன்பே, அத்தனை பேரையும் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்க்கிற செலவைத் தனியாக ஒரு கணக்கில் கட்டச் சொல்லுங்கள். நிறுவனம் இருந்தாலும் மூடினாலும் அந்தப் பணத்தில் ஸ்கேன் நடக்கட்டும்.

விற்பனை மையங்களுக்கு வருகிறேன். ஒரு மையம் எனக்கு அனுப்பிய விளக்கப் புத்தகத்தில் உங்கள் கட்டுரைகளின் வரைபடங்கள் அப்படியே இருந்தன. என்னுடைய ஸ்கேன் பிரதியையும் பணம் கட்டுகிற விதத்தையும் கேட்டார்கள். அடிபட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்கவில்லை. எந்த செல், எத்தனை, யாருடையது என்று நான் கேட்டதற்கு “உயர்தரமானவை” என்று பதில் வந்தது. ஏதோ அரிசி விற்கிற மாதிரி.

இதெல்லாம் வெறும் பண நஷ்டம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சீனாவில் கருவிலிருந்து எடுத்த செல்களைச் செலுத்திக்கொண்ட ஏழு பேரை வெளி மருத்துவர்கள் முன்பும் பின்பும் பரிசோதித்து 2006இல் எழுதினார்கள். ஐந்து பேருக்கு மூளையுறை அழற்சி வந்திருந்தது, வாழ்க்கைக்குப் பயன்படும் முன்னேற்றம் யாருக்கும் இல்லை. லிஸ்பனில் மூக்கின் உட்சவ்வைத் தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்து அந்த இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்ததை 2014இல் பதிவு செய்தார்கள். மூக்குச் சவ்வு போன இடத்தில் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. 2016இல், பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் தண்டுவடத்தில் வேறொருவரின் செல்களாலான கட்டி வளர்ந்திருந்ததை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அவர் நடப்பதற்காகப் போனவர், இருந்த அசைவையும் இழந்தார்.

இதில் எங்கள் வீட்டார் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. முன்பே எங்காவது செல் செலுத்திக்கொண்டவரை முறையான சோதனைகள் பல சேர்ப்பதில்லை. விற்பனை மையத்தில் கட்டிய பணத்தோடு நாளைக்கு வரக்கூடிய உண்மையான சிகிச்சைக்கான இடமும் போய்விடலாம். இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் கட்டுரையை ஒரு மையம் விளம்பரத்தில் போட்டால், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று உங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் நாலு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? விஞ்ஞானிகள் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் கடை நடத்துகிறார்கள். இன்னொன்று, மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஒரு எண் வாங்கிவிட்டு, பங்கேற்பவரிடமே பெரும் தொகை வசூலிக்கிற ‘சோதனை’களும் அந்தப் பட்டியலில் உங்கள் சோதனைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்களால் எப்படிப் பிரித்தறிய முடியும்? கட்டணம் வாங்குகிற சோதனைக்கு முகப்பிலேயே சிவப்புக் குறி போடச் சொல்லிப் பதிவேடு நடத்துகிறவர்களை நெருக்குங்கள்.

எலி ஆய்வுகள் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுத்து, தண்டுவடக் காயத்தில் பெயர் வாங்கிய ஆய்வுகளை வேறு ஆய்வகங்களில் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2012இல் வந்த தொகுப்பின்படி, பெரும்பாலானவற்றில் அதே முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. இந்த வேலைக்குப் புகழ் கிடைக்காது, செய்தியாகாது. ஆனாலும் மனிதருக்குள் எதையாவது செலுத்துவதற்கு முன்பு இன்னொரு ஆய்வகம் ஒருமுறை செய்து பார்க்கட்டும். அதனால் இரண்டு வருடம் தாமதமானால் ஆகட்டும், நாங்கள் இருப்போம்.

கடைசியாக, முடிவுகள் யாரிடம் போகின்றன என்பது. சோதனையில் கலந்துகொண்டவர் அதன் முடிவைப் பங்குச்சந்தை அறிவிப்பிலோ செய்தியிலோ படிக்கும் நிலை இருக்கக் கூடாது. அவருக்கு முதலில், அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். 2007இல் அந்தப் பன்னாட்டுக் கூட்டமைப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது, பல மொழிகளில் வந்தது. சோதனைக்குச் சம்மதிக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன கையேடு. அதற்குப் பிறகு ஐபிஎஸ் மனிதத் தண்டுவடம் வரைக்கும் வந்துவிட்டது, மின்தூண்டல் வந்துவிட்டது. கையில் வலு திரும்ப உதவுகிற, தோல்மேல் வைக்கிற தூண்டல் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அனுமதியே கிடைத்துவிட்டது. உங்களில் நாலு பேர் உட்கார்ந்து அந்தக் கையேட்டைப் புதுப்பியுங்கள். தமிழில் கொண்டுவருகிற வேலையை எங்களில் சிலர் பார்த்துக்கொள்வோம்.

பழைய காயக்காரர்களுக்கு நீங்கள் ஒரு சோதனை தொடங்கினால், காத்திருக்கிற குழுவில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நிபந்தனைகள் இரண்டு. என் விரலை அளக்கிறவருக்கு நான் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. சோதனை முடிந்த ஒரு வருடத்துக்குள், முடிவு எதுவானாலும் முழுத் தரவையும் வெளியிடுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சம்மதப் படிவத்தில் எங்களிடம் அத்தனை பக்கத்துக்குக் கையெழுத்து வாங்குகிறீர்கள், அதில் ஒரு பக்கம் உங்கள் கையெழுத்துக்கும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட ஒருவர்